ஆப்பிரிக்க வனப் பிரயாணம்: ஒரு தலைச்சுமைக் கணக்கு

வடநாட்டில் வாழும் நமக்கு 'சஃபர்' என்ற சொல் புதிதன்று. ரயில் நிலையத்திலும் அண்டை வீட்டிலும் அது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அரபு மொழியில் பிறந்த அச்சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியிலும் குடியேறி, 'சஃபாரி' ஆயிற்று. அங்கும் அதற்குப் பிரயாணம் என்பதே பொருள். ஆங்கிலேயர் கைக்குப் போன பின்னரே வேட்டையின் வாடை அதில் ஏறியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அதற்கு ஈடாக எந்தத் தமிழ்ச்சொல்லை எழுதினாலும் மனநிறைவு உண்டாவதில்லை.

அத்தகைய பிரயாணங்களில் பெரும்புகழ் பெற்றது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மேற்கொண்டதாகும். பதவியில் இருந்தபோதே அவர் ஆயத்தங்களைத் தொடங்கிவிட்டார். செலூஸ் போன்ற கைதேர்ந்த வேட்டைக்காரர்களுக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொருட்காட்சிச் சாலைக்கு மாதிரிகள் சேகரிப்பது பிரயாணத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது.

இந்த ஆயத்தத்திற்கெல்லாம் அளவுகோல் எதுவென்று நினைக்கிறீர்கள்? ஒரு மனிதனின் தலை! செட்ஸி ஈயின் கடியால் மாடும் குதிரையும் மடிந்துபோகும் நிலப்பகுதிகள் அங்கு மிகுதி. ஆகவே கூடாரம், அரிசி, துப்பாக்கித் தோட்டா யாவும் ஆள் ஒன்றுக்கு 60 ராத்தல் என்ற கணக்கில் கட்டப்பட்டன. ரூஸ்வெல்ட் தம்முடன் கொண்டு சென்ற பன்றித்தோல் அட்டையிட்ட நூல்கள்கூட, பெட்டியோடு சேர்த்து 60 ராத்தலுக்குச் சற்றுக் குறைவாக, ஒருவன் சுமையாக அமைந்தன. தோல்களைப் பதப்படுத்த வேண்டிய உப்பு மட்டும் நான்கு டன். அதைத் தலைச்சுமையாகப் பங்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 150 பேர் வேண்டும். காட்டில் இலக்கியம் படிக்கும் ஆசையை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அந்த நூலகத்தைச் சுமந்தவனின் கழுத்தை நினையாமல் இருக்க இயலவில்லை.

மொம்பாசாவில் இறங்கிய ரூஸ்வெல்ட், எஞ்சினின் முகப்பில் அமைந்த ஆசனத்தில் அமர்ந்து, விலங்குகளைக் கண்டு மகிழ்ந்தவாறு உள்நாட்டுக்குச் சென்றார். அந்த உகாண்டா ரயில்பாதையை 1896 முதல் 1901 வரை அமைத்தவர்களுள் பெரும்பாலோர் நம் நாட்டினர். பஞ்சாபிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஏறத்தாழ 32,000 தொழிலாளர் சென்றனர். அவர்களுள் சுமார் 2,500 பேர் உயிரிழந்தனர். நோயால் மாண்டோர் பலர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே சிங்கங்களுக்கு இரையானோரும் உண்டு. அந்நாளில் அங்கே செலாவணியும் ரூபாய்தான்; 1920 வரை அது நீடித்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம், இவர்களை ரயில்வே வரலாற்றின் அடிக்குறிப்பாக மட்டும் படித்துவிட்டு நகர முடியுமா?

1910 மார்ச்சில் கார்ட்டூமில் பிரயாணம் முடிவதற்குள், ரூஸ்வெல்ட்டும் மகன் கெர்மிட்டும் 500க்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டிருந்தனர். நைல் நதியோரத்து லாடோ பகுதியில் வீழ்ந்த ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்களும் அவற்றுள் அடங்கும். அந்த வடபகுதி இனத்தின் கடைசி ஆண் 2018இல் கென்யாவில் இறந்தது. அப்போது இரண்டு பெண் விலங்குகளே எஞ்சியிருந்தன.

கென்யா அரசு 1977இல் வேட்டையைத் தடை செய்தது. இப்போது செல்வோர் எடுத்துச் செல்வது புகைப்படக் கருவியும் தொலைநோக்கியும். புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழ் பெறவேண்டும். அஃதின்றித் திரும்பினால் நம் நாட்டு விமான நிலையத்தில் தடுத்து நிறுத்திவிடுவர். மாரா ஆற்றை மான்கூட்டங்கள் கடப்பதைக் காண விரும்புவோர் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். சரணாலயங்களுக்குப் பறக்கும் சிறு விமானங்களிலோ எடைக்கட்டுப்பாடு உண்டு. பொதுவாக ஆளுக்கு 15 கிலோ, அதாவது 33 ராத்தல். அந்நாளைய தலைச்சுமையில் பாதிக்குச் சற்று அதிகம்.