காய் நகரும்போது வாய் என்ன சொல்கிறது?

விளையாட்டாகவே கணக்கு வந்துவிடும் என்று சொல்லி விற்கும் அட்டைகளுக்கும் செயலிகளுக்கும் இன்று குறைவில்லை. அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டை எதிரெதிரே வைத்தால், எந்த ஆட்டம் பள்ளிக் கணக்குக்கு உதவும் என்பது ஓரளவு பிடிபடும்.

முதலாவது, அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் செய்து 2008இல் வெளியிட்டது. வறிய குடும்பங்களுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ பாலர் பள்ளிகளில் படித்த 124 பிள்ளைகள் அதில் பங்கேற்றார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டங்கள். சுழலும் முள் 1 அல்லது 2 காட்டும். காய் 3இல் இருக்க முள் 2 காட்டினால், ‘நாலு, அஞ்சு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியபடி நகர வேண்டும். கால் மணி நேர ஆட்டம், நான்கு தடவை. அவ்வளவுதான். எண்ணை அடையாளம் காண்பது, இரண்டில் எது பெரிது என்று சொல்வது, கோட்டின்மேல் எண்ணுக்கு இடம் குறிப்பது எல்லாமே தேறின; ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தன. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய பலகையில் ஆடியவர்களிடம் இந்தத் தேர்ச்சி இல்லை.

இரண்டாவது டெல்லியில் நடந்தது. மொய்ரா டிலன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ‘பிரதம்’ அமைப்பின் 214 பாலர் வகுப்புகளில், 1,540 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். நான்கு மாத ஆட்டம். புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று எண்ணாமலே சொல்வது, வடிவங்களில் ஒட்டாததைப் பிரிப்பது போன்றவை. பல்லாங்குழியில் தேர்ந்தவர்கள் குழியைப் பார்த்ததுமே சோழிக் கணக்கை ஊகிப்பார்களே, ஏறக்குறைய அந்தத் திறன்தான். அது ஓராண்டுக்குப் பின்னும் மங்கவில்லை. ஆனால் பள்ளிக்குப் போனதும் எண்ணும் குறியுமாக வந்த கணக்கில், ஆடாதவர்களைவிட இவர்கள் முந்தவில்லை.

ஆட்டத்தால் பயனில்லை என்று இதைப் படிப்பது அவசரம். டெல்லி ஆட்டம் தான் பழக்கியதைச் சரியாகவே வளர்த்தது. பள்ளி கேட்டது வேறொன்று. அமெரிக்கப் பலகையிலோ பள்ளி கேட்கும் எண்ணே கட்டத்தில் எழுதியிருந்தது, பிள்ளையின் வாயிலும் புழங்கியது. இந்த ஒப்பீடு சரிசமமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்: அங்கே பழக்கியதையே ஒன்பது வாரத்தில் சோதித்தார்கள், இங்கே ஓராண்டு தாண்டிப் பள்ளிப் பாடத்தோடு உரசிப் பார்த்தார்கள். டெல்லிக்குத்தான் கடினமான தேர்வு.

ஆனாலும் என் சாய்வு அமெரிக்கப் பலகையின் பக்கம். காரணம், எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் 100 வரையிலான பலகையைக் கொண்டு வெளியிட்ட இன்னொரு ஆய்வு. கட்டத்தின் எண்ணைத் தொடர்ந்து சொல்லி நகர்ந்த பிள்ளைகள் தேறினார்கள். ஒவ்வொரு முறையும் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தொடங்கி நகர்ந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பலகை ஒன்றேதான், சொன்னது மட்டும் வேறு.

நம் வீடுகளில் பரமபதம் ஆடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். 27இல் நிற்கிற காய்க்குப் பகடை நாலு விழுந்தால் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று தட்டிக்கொண்டு போய்விடுகிறோம். ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று’ என்று சொல்ல வைத்தால் ஆட்டம் மெதுவாகும், ஏணிக்கு அவசரப்படும் பிள்ளை சிணுங்கும். முதல் சில ஆட்டங்களில் பெரியவர்களே தங்கள் காய்க்கு அப்படிச் சொல்லிக் காட்டினால், அது தானாகத் தொற்றிக்கொள்ளும்.