ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை

மயிலாடுதுறைக் கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் சேலை எடுத்துக் காட்டும் வேலை பார்த்தேன். படிக்கட்டு ஓரத்துச் சுவரில் தீ எச்சரிக்கை மணியின் சிவப்புப் பெட்டி இருந்தது. அது அடித்து நாங்கள் கேட்டதே இல்லை.

அந்த மணிக்குப் பின்னால் பெண்களின் சாவு இருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில், எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. பத்தாம் மாடியில் இருந்த முதலாளிகளுக்குத் தொலைபேசியில் தகவல் போனது. கூரை வழியே தப்பினார்கள். ஒன்பதாம் மாடியில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள். அதன் பிறகுதான் தொழிற்சாலைகளில் எச்சரிக்கை மணியையும் தீப்பயிற்சியையும் அந்த மாநிலம் சட்டமாக்கியது.

இங்கேயும் அப்படித்தான். 2004 ஜூலை 16 அன்று பக்கத்துக் கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். தேசியக் கட்டட விதிகளின் தீப்பாதுகாப்பைப் பள்ளிகள் பின்பற்றியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009இல்.

மணியை மாட்டினால் மட்டும் போதாது. பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். பேட்டரியை மாற்ற வேண்டும். புகை உணரும் கருவியில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். படிக்கட்டில் துணி மூட்டை அடுக்கக் கூடாது. ஆபத்து வந்தால் யாருக்கு முதலில் தெரியும் என்பதும் அதிகாரம்தான். ஆகவே வேலைக்குச் சேரும் அன்றே கேட்போம்: இந்த மணி கடைசியாக எப்போது அடித்தது?