தொண்டுத் தலைமை

உறுப்பினரின் தேவையை முதலிலும் தன் அதிகாரத்தைப் பின்னரும் வைக்கும் தலைமைமுறை. அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையால் உலகளவில் பரவியது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என இயங்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும்.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள கொக்கிளாய் இதன் தேவையை உணர்த்தும் ஊர். 1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்ட தமிழ் மக்கள், உள்நாட்டுப் போர் முடிந்தபின்பே மீளக் குடியேறினர். கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளின் உரிமை தொடர்பாகத் தென்பகுதிக் கடற்றொழிலாளருடன் பிணக்கு எழுந்தது. இத்தகைய நெருக்கடியில் தலைவரின் கடமைகள்: நலிந்தவரின் குறையை முதலில் கேட்டல், உரிமை ஆவணங்களைத் திரட்டல், கணக்கைப் பொதுச்சபையில் திறந்துவைத்தல், உள்முரண்களைப் பேசித் தீர்த்தபின் ஒரே குரலில் கடற்றொழில் திணைக்களத்தை அணுகல். உறுப்பினரின் நம்பிக்கையே சங்கத்தின் முதன்மை மூலதனம்.