தவறான வானம் வென்ற கதை

மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகம் 1925 மே மாதம் புதிய கட்டடத்துக்குக் குடிபோனபோது அதற்குள் இரண்டு கோளரங்குகள் இருந்தன. இரண்டையும் செய்து கொடுத்தது ஜேனா நகரத்து ஜைஸ் நிறுவனம். ஒன்று கோப்பர்னிக்கஸ் சொன்னபடி அமைந்தது: நடுவில் சூரியனாக ஒரு விளக்கு, கூரையிலிருந்து தொங்கியபடி சுற்றும் கோள்கள், பூமிக்கு அடியில் ஒரு சிறு வண்டி. அதில் ஏறினால் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி வரலாம். மற்றதில் சுமார் 10 மீட்டர் அகலக் குவிமாடம். அதன் நடுவே நின்று ஏறத்தாழ 4,500 விண்மீன்களை மேலே வீசியது வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் வடிவமைத்த கருவி. இங்கே பார்வையாளர் அசையாமல் உட்கார்ந்திருக்க, தாலமி காலத்து நம்பிக்கைப்படி வானம் முழுவதும் அவரைச் சுற்றியது. சரியான அறையை உலகம் அநேகமாக மறந்துவிட்டது. தவறான அறைதான் 1930-இல் சிகாகோவுக்கும், 1960-களில் கொல்கத்தாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

விண்மீன்களின் அழகுதான் காரணம் என்றால் நம்புவது கடினம். விளக்கில்லாத வயல்வெளியில் அந்த அழகு காசில்லாமலே கிடைத்தது. வயல்வெளி தராத ஒன்றைக் கருவி தந்தது: வேகம். நெதர்லாந்தின் ஃப்ரானக்கர் ஊரில் ஐசே ஐசிங்கா 1781-இல் தன் வீட்டுக் கூரையில் கட்டி முடித்த கோள் பொறியில் சனி ஒரு சுற்று வர உண்மையாகவே 29 ஆண்டுகள் ஆகும். ஜைஸ் கருவியோ ஒரு நாளைச் சில நிமிடங்களில் ஓட்டியது, ஆண்டுகளை அதைவிட விரைவாக. செவ்வாய் தயங்கி, பின்வாங்கி, மீண்டும் முன்னேறும் நகர்வை, நம் பஞ்சாங்கங்கள் 'வக்கிரம்' என்று குறிப்பதை, ஒரே அமர்வில் கண்ணால் பார்க்க முடிந்தது.

பூமியை நடுவில் வைத்தால் பழைய பிழையை மக்கள் மனத்தில் ஊன்றிவிடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கருவியைத் திறந்து பார்த்தால் வேறு கதை. ஒவ்வொரு கோளுக்கும் உரிய பல்சக்கரங்கள் பூமியின் பாதையையும் அந்தக் கோளின் பாதையையும் தனித்தனியே சுழற்றின. இரண்டையும் இணைத்த தண்டு காட்டிய திசையில் ஒளி பாய்ந்தது. வெளியே தாலமி, உள்ளே கோப்பர்னிக்கஸ். வக்கிரத்தைப் பார்த்தவர் 'ஏன்?' என்று கேட்டால், விடை அந்தத் தண்டிலேயே இருந்தது. வண்டியில் ஏறியவருக்கோ கேள்வி எழுமுன்பே விடை வந்துவிட்டது.

1983-இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் டிஜிஸ்டார் கணினிக் கருவி வந்தபின் பார்வையாளர் பூமியை விட்டே கிளம்பி விண்மீன்களுக்கு நடுவே பறக்கலாம் என்றானது. அதோடு, பூமியில் நின்றே வானத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்ற பழைய வாதம் தோற்றதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புறப்பட்ட இடம் தெரியாதவருக்குப் பயணம் வெறும் சினிமா. பல அரங்குகளில் இன்றும் காட்சி அன்றிரவு அந்த ஊருக்கு மேலே தெரியும் வானத்தில்தான் தொடங்குகிறது.