தெரு அளித்த விருந்து

வரலாறு என்றவுடன் அரசர் முடிசூடிய நாளையும் படைகள் பொருத களத்தையுமே எண்ணுதல் பலர்க்கும் வழக்கம். அடுக்களையிலும் வீட்டு வாயிலிலும் நிகழ்ந்தனவும் வரலாறேயாம். ஆங்கில நாட்டுத் தெருவிருந்து இதற்குத் தக்க சான்றாகலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதல் உலகப்போரின் முடிவில், 1919-ஆம் ஆண்டு ஜூன் 28-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜூலை 19-ஆம் நாள் பிரிட்டனெங்கும் சமாதான நாள் கொண்டாடப்பெற்றது. அதனையொட்டிப் பல ஊர்களில் தெருவின் நடுவே நீண்ட மேசைகளையிட்டுச் சிறுவர்க்குத் தேநீர் விருந்து அளித்தனர். 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவிலும், 1937-ல் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டிலும் இவ்வழக்கம் தொடர்ந்து வேரூன்றியது.

எனினும், 1945-ல் நிகழ்ந்த விருந்துகளே பெரிதும் நினைக்கத்தக்கன. அவை வறுமையிடைப் பிறந்தவை. 1940 ஜனவரி 8 முதல் அந்நாட்டில் உணவுப் பங்கீடு நடைபெற்றது. வாரமொன்றுக்கு ஒருவர்க்குக் கிடைத்த சர்க்கரை பெரும்பாலும் 8 அவுன்சு, வெண்ணெய் 2 அவுன்சு, தேயிலை 2 அவுன்சு, முட்டை ஒன்று. முட்டைக் குறையை அயல்நாட்டினின்று வந்த முட்டைப்பொடி கொண்டு நிரப்பினர். கேக்கின்மேற் சர்க்கரைப் பூச்சு இடுதலும் தடுக்கப்பட்டமையால், மணவிருந்திற்கூட அட்டையாற் செய்த உறையைக் கேக்கின்மேற் கவிழ்த்து அழகு செய்தனர். வாழைப்பழ இறக்குமதி 1940-ன் இறுதியில் நின்றுபோகவே, அப்பழத்தைக் கண்ணாற் காணாத குழந்தைகள் பலர் வளர்ந்தனர்.

இந்நிலையில், 1945 மே 7 மாலை, ஐரோப்பியப் போர் முடிந்ததென்றும் மறுநாள் வெற்றிநாளாகிய விடுமுறை என்றும் அறிவிப்பு வந்தது. மூவண்ணக் கொடித்துணியைப் பங்கீட்டுச் சீட்டின்றி வாங்கிக்கொள்ள அரசு இசைந்தது. ஆயினும் விருந்தை ஆக்கியவர் தெருவினரே. ஒருவர் மேசை கொணர்ந்தார்; ஒருவர் நாற்காலி கொணர்ந்தார்; மற்றொருவர் படுக்கை விரிப்பை மேசைவிரிப்பாகக் கொடுத்தார். பழந்துணிகளைக் கத்தரித்து, முக்கோணக் கொடிகளாகத் தைத்து, வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் தொங்கவிட்டனர். ரொட்டிக்கும் உருளைக்கிழங்கிற்கும் போர்க்காலத்திற் பங்கீடு இன்மையால், ரொட்டித் துண்டுகளுக்கிடையே மீன் விழுதும் பிறவும் தடவி அடுக்கினர். பல வீட்டுச் சர்க்கரையும் வெண்ணெயும் ஒன்றுசேர்ந்து கேக்காயின. ஆயத்தம் செய்தற்கு நாள் போதாமையின், பல தெருக்களில் விருந்து பின்வந்த வாரங்களிலேயே நடைபெற்றது. முதற்பந்தி பெரும்பாலும் சிறுவர்க்கே. போர்க்கால இருட்டடிப்பில் அடங்கிக் கிடந்த ஊர்கள் அந்நாட்களிற் சொக்கப்பனைபோல் நெருப்பு மூட்டி மகிழ்ந்தன.

இதன் உட்பொருளை நோக்குமின். செல்வர் தம் மிச்சத்தினின்று வழங்குதல் ஒருவகை. தன் குழந்தைக்கே அளந்து கொடுக்கும் சர்க்கரையினின்று ஒரு கரண்டியை அயல்வீட்டுக் குழந்தைக்கென எடுத்து வைத்தல் மற்றொருவகை. அத்தாய்மாருள் மகனைப் போரில் இழந்தாரும் இருந்தனர். அவர் பெயர்களைப் பெரிய நூல்கள் பொறித்தில. அரசு கொடுத்தது விடுமுறை. விருந்தை அளித்தது தெரு.

உண்மை வரலாறு மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. உள்நாட்டில் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே அளவு வகுத்த அவ்வரசின் ஆட்சிக்குட்பட்ட வங்கத்தில், 1943-ன் பஞ்சத்தால் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடுவர். அளந்து பகிரும் நீதி கடல் கடந்து வந்திலது. இப்பழி அடுக்களைத் தாய்மாரைச் சார்ந்ததன்று, ஆட்சியைச் சார்ந்தது.

1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கென ஒவ்வொருவர்க்கும் ஒரு பவுண்டு சர்க்கரை மிகுதியாகக் கிடைத்தது. 1954 ஜூலை 4-ல் பங்கீடு முற்றும் ஒழிந்தது. அதன்பின்னும் தெருவிருந்து ஒழியவில்லை. 1977-லும் பிரிட்டனின் தெருக்களில் மேசைகள் நிறைந்தன. பஞ்சத்திற் கற்ற பழக்கம் வளத்திலும் நின்றதென்க.

நம் சங்கத்து விழாக்களிற் பந்தலையும் பந்தியையும் கூலிக்கு ஒப்படைத்துவிட்டு, விருந்தினர்போல் வந்து உண்டு செல்லுதல் எளிது. அதனிற் குற்றமும் இல்லை. ஆயினும், வீட்டுக்கொரு பண்டம் செய்து கொணரும் நாளொன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமையுமாயின், நம் சிறுவர் ஒருவரையொருவர் அறிவர்; நம் முதியோரும் தனித்திரார். அந்தப் பந்தியிலே நம் தெருவில் வாழும் ஏனையோர் குழந்தைகளுக்கும் இடம் இருத்தல் வேண்டும். தெருவிருந்து என்னும் பெயர் அப்பொழுதே பொருந்தும்.