முதல்நாள் இரவின் கஞ்சி: உடனடி ஓட்ஸ் குறித்துச் சில குறிப்புகள்

திருப்பூருக்கு வடக்கே உள்ள நெருப்பெரிச்சல் 2011 வரை தனி ஊராட்சியாக இருந்து, அவ்வாண்டில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். பெயரை முதன்முறை கேட்போர் புருவம் உயர்த்துவர். அங்கு வாழ்வோர்க்கோ அது பேருந்துப் பலகையில் உள்ள ஒரு சொல், அவ்வளவே. புன்செய்க் காடுகளும் பனியன் கம்பெனிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இத்தகைய பகுதிகளின் மளிகைக் கடைகளில், ஷாம்பூ பொட்டலச் சரங்களுக்குப் பக்கத்தில் இப்போது மசாலா ஓட்ஸ் பொட்டலங்களும் தொங்குகின்றன. மூன்று நிமிடம் கொதித்தால் காலை உணவு தயார். இது உடலுக்கு நல்லதா என்னும் கேள்விக்கு வார இதழ்களின் மருத்துவப் பக்கங்கள் அவ்வப்போது விடை சொல்லி வருகின்றன. அக்கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதாக நமக்குப் படுகிறது. அந்த மூன்று நிமிடம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது? முன்பு அந்நேரத்தைச் செலவிட்டவர் யார்?

கொங்கு நாடு நெல்லுண்ட நாடன்று. 1800இல் இப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் அச்சான தமது நூலில் கோவை வட்டாரப் புன்செய்ப் பயிர்களை ஊர் ஊராகக் குறித்துச் செல்கிறார். கம்பும் சோளமும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்னும் பின்னே போனால், நிலத்துக்கு நிலம் மாறும் உணவை வரிசையாகக் காட்டும் பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்தார் பாணர்க்கு இடுவது வரகும் தினையும்தான். அரிசிச்சோறு இங்கு நோன்புக்கும் விருந்துக்கும் உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. அன்றாடம் கம்பஞ்சோறு, ராகிக்களி, சோளச்சோறு; கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும்.

கம்பஞ்சோறு ஆக்குவது எளிய வேலையன்று. கம்பில் நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி நொய்யும் மாவுமாக்கி, கட்டிபடாமல் கிளறி இறக்கவேண்டும். ஆறிய சோற்றை உருண்டை பிடித்து நீரில் போட்டுவைத்தால், மறுநாள் காலையில் கரைத்து மோர்விட்டு உப்பிட்டுக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடலாம். ஆக, காலையில் ஒரு நிமிடம்கூட அடுப்பு எரியவேண்டியதில்லை. உடனடி உணவு என்பது அமெரிக்க ஆலைகள் கண்டுபிடித்துத் தந்ததன்று. நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. அதற்கான நேரம் முதல்நாள் மாலையிலேயே செலவாகியிருந்தது. செலவிட்டவள் பெண். காட்டில் களையெடுத்துவிட்டு வந்து, இருட்டும் வேளையில் உரலருகே நின்றவள். சிறுதானியங்களின் பெருமையை இன்று மேடையில் முழங்குவோர் உலக்கையைப் பற்றி மட்டும் ஏனோ பேசுவதில்லை.

கம்புக்கு மற்றொரு குணமும் உண்டு. அதில் கொழுப்புச் சற்று மிகுதி. அரைத்த மாவு சில நாள்களிலேயே காறிப்போகும். எனவே அவ்வப்போது குத்தி அவ்வப்போது ஆக்கவேண்டும்; மாவாக்கிக் கடையில் அடுக்கி வைப்பதற்கு அது இணங்கவில்லை. வேடிக்கை என்னவெனில், ஓட்ஸுக்கும் இதே குறை உண்டு. ஸ்காட்லாந்தில் அதைச் சூளையில் உலர்த்தியும், பின்னர் அமெரிக்க ஆலைகளில் நீராவியில் வேகவைத்தும் அக்குறையை நீக்கினர். நீராவியில் வெந்த தானியத்தை உருளைகளுக்கிடையே நசுக்கியதும் தட்டையான அவல் கிடைத்தது. (கலைச்சொல் ஆக்குவோர் ஓட்ஸைக் காடைக்கண்ணி என்பர். அப்பெயரைச் சொல்லி நெருப்பெரிச்சல் கடையில் கேட்டால் கிடைக்காது.)

ஓட்ஸின் சமூக வரலாறும் கம்பினுடையதைப் போன்றதே. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, அது இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்க்கும் ஆனது என்னும் தொனியில் ஒரு குத்தலோடுதான் அதற்குப் பொருள் சொன்னது. ஜெர்மனியிலிருந்து ஓஹையோவின் ஆக்ரன் நகருக்குக் குடிபெயர்ந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் 1850களில் அதை அரைத்து விற்கத் தொடங்கினார். குவேக்கர் என்னும் வணிகக்குறி 1877இல் பதிவாயிற்று. விரைவில் வேகும் ஓட்ஸ் 1922இல் வந்தது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற உடனடி வகை 1966இல். 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து இதயநோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று உறைமேல் எழுத அனுமதித்தது. அன்றுமுதல் குதிரைத் தீவனம் மருந்தின் மதிப்பைப் பெற்றது. 2006இல் குவேக்கர் இந்தியச் சந்தைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது அம்மதிப்பையே.

நல்லதா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். அந்த அனுமதிக்கு அடிப்படையான அளவு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான். ஓட்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம் இருக்கிறது. 40 கிராம் பொட்டலம் முழுதும் ஓட்ஸே என்று கொண்டாலும் பாதியளவுதான் தேறும். அதோடு, தானியத்தை எவ்வளவு நசுக்கி, எவ்வளவு முன்கூட்டி வேகவைக்கிறோமோ அவ்வளவு விரைவாக அது குடலில் கரைந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும். துண்டாக வெட்டிய ஓட்ஸின் சர்க்கரை உயர்த்தும் குறியீடு ஏறத்தாழ 55 என்றால், உடனடி ஓட்ஸுக்கு அது 75ஐ ஒட்டி வருகிறது. சமையலறையில் மிச்சமாகும் நேரம் குடலிலும் மிச்சமாகிவிடுகிறது. அங்கு அது நன்மையன்று. இனிப்பு வகைகளில் சர்க்கரையும் மசாலா வகைகளில் உப்பும் தனிக்கணக்கு.

கம்பின் பக்கம் நியாயம் முழுதும் இருப்பதாகவும் சொல்லமாட்டோம். 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்தும் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் உண்டு. ராகியில் சுண்ணாம்புச்சத்து 360 மில்லிகிராம் அளவில். தீட்டிய அரிசியின் நார்ச்சத்தோ 3 கிராமை எட்டாது. இரவெல்லாம் ஊறிப் புளித்த கூழில், இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. ஆனால் இதே கம்பையும் ராகியையும் மென்மாவாக்கிச் சர்க்கரை கலந்து, சிறுதானியச் சத்துக்கலவை என்று விற்கும் பொட்டலம் உடனடி ஓட்ஸைவிட உயர்ந்ததென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

கம்பு எப்படிப் போயிற்று? கிணற்றுப் பாசனம், பருத்தி, பின்னர் அரிசி அரசியல். 1967 தேர்தலுக்குப் பின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் முதலில் நடப்புக்கு வந்தது சென்னையிலும் கோவையிலும்தான். 2011இல் ரேஷன் அரிசி விலையின்றியே கிடைக்கலாயிற்று. அரிசி பசியை ஆற்றியது. அதை இழிவாகப் பேசும் உரிமை வயிறு நிறைந்தோர்க்கு இல்லை. இன்னொரு பக்கம் பனியன் வந்தது. 1925இல் தொடங்கிய தொழில், 1970களின் இறுதியில் இத்தாலிக்கு நேரடி ஏற்றுமதி வாய்த்தபின் காட்டு வேலைக்காரரையெல்லாம் கட்டிங் மேசைக்கும் ஓவர்லாக் தையலுக்கும் இழுத்துக்கொண்டது. அவ்வுலகைத் தம் நாவலில் வரைந்த எம். கோபாலகிருஷ்ணன் அதற்கு 'மணல்கடிகை' (2004) என்று பெயரிட்டார். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியேறும் பன்னிரண்டு மணி நேரத்தை இங்கு ஒன்றரை ஷிப்ட் என்பர். அந்த ஒன்றரை ஷிப்டுக்குப்பின் உலக்கை பிடிக்க யாருக்குக் கை வரும்? கூழுக்கு வேண்டியிருந்த முதல்நாள் மாலை ஆலைக்குள் போய்விட்டது.

எனவே பொட்டல ஓட்ஸைக் கம்பங்கூழோடு ஒப்பிடுவது இவ்வூரில் பொருந்தாது. அது உண்மையில் இடம்பிடிப்பது டீக்கும் பன்னுக்கும், அல்லது வெறும் வயிற்றுக்கும் பதிலாக. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. செக்கிங் மேசையில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண் இக்கணக்குக்குள்தான் வருகிறாள். டீயும் பன்னும் என்றால் ஓட்ஸ் மேல். சுவையூட்டாத ஓட்ஸை வாங்கிக் கொஞ்சம் பாசிப்பருப்பும் கீரையும் போட்டுக் காய்ச்சினால் இன்னும் மேல். அதற்குமேல் அந்த உறைக்குப் புகழ்சேர்க்க ஒன்றுமில்லை.

பீகாரிலிருந்து வந்து இங்கு அறையெடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர் ஊரிலிருந்து சத்துவைக் கொண்டுவருகின்றனர். வறுத்த கொண்டைக்கடலையின் மாவு. நீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துக் குடித்தால் ஆயிற்று. அடுப்பும் வேண்டா, வறுத்ததால் விரைவில் கெடுவதுமில்லை. நம்மவர் வீடுகளில் அந்த இடத்தில் வைக்கப் பொருளில்லாமல் போனதை நாம் கவனிக்கத் தவறக்கூடாது.

2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ ராகி தரும் முயற்சி தொடங்கிற்று. திருப்பூர்ப் பக்கம் கம்பு திரும்பியிருப்பது தள்ளுவண்டியில்தான்: மண்பானை, மாங்காய்த் துண்டு, மோர்மிளகாய் சகிதம். குத்தும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டதால் அக்கூழை விற்பவரில் ஆண்களும் உண்டு. வண்டி வந்து நிற்பது வெயில் ஏறிய பிறகு. எட்டரை மணிக்கே கம்பெனிக்குள் போய்விட்டவர்கள் அதைக் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளில்.