ஷெஃபீல்டு கத்தித் தொழிலில் குடும்பப் பெயரும் முத்திரையும்

முன்னுரை

விக்டோரியா அரசியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்தித் தொழிலில் உலகப்புகழ் பெற்று விளங்கியது. அந்நகரின் குடும்ப நிறுவனங்களுள் ஜோசப் ராஜர்ஸ் அண்டு சன்ஸ் முதன்மையானது. தலைமுறைதோறும் அக்குடும்பம் காத்துவந்த உடைமை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முத்திரையின் வரலாறு

ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் குழுமம் 1624ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. கத்தி செய்வோருக்குத் தனித்தனி முத்திரை வழங்குவது அதன் பணிகளுள் ஒன்றாகும். விண்மீனும் மால்ட்டா சிலுவையும் இணைந்த முத்திரை 1682இல் வேறொருவருக்கு வழங்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ராஜர்ஸ் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தது. எனவே அச்சின்னம் அவர்கள் படைத்ததன்று, பெற்றுப் பேணியதாகும். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரச ஆணையுரிமை அதன் மதிப்பை உயர்த்தியது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்கென இந்நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ‘நார்ஃபோக் கத்தி’யைச் செய்தது.

முத்திரைக்குப் பின்னிருந்தோர்

ஷெஃபீல்டில் ஒரு மடக்குக் கத்தி உருவாக, உலையில் அலகு அடிப்போர், சாணை பிடிப்போர், கைப்பிடி பொருத்துவோர் எனப் பலர் உழைத்தனர். இவர்களுள் பலர் வாடகைக்கு எடுத்த இடத்தில் துண்டுக்கூலிக்கு உழைத்த சிறு தொழிலாளர்கள். சாணைக்கல்லின் தூசும் எஃகுத் துகளும் அவர்களது நுரையீரலை அரித்தன. உலர்சாணை பிடிப்போரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது என்றும், நீர்ச்சாணை பிடிப்போர் 45ஐக் கடப்பது அரிது என்றும் எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். தூசியை வெளியேற்றும் விசிறிகள் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தும், அவை எல்லா இடங்களிலும் பொருத்தப்படவில்லை.

அலகில் பொறிக்கப்பட்டதோ குடும்பப் பெயர் மட்டுமே. அப்பெயரைப் பிறர் போலியாகப் பொறிப்பதைத் தடுக்க 1862, 1875, 1887ஆம் ஆண்டுகளின் வணிக முத்திரைச் சட்டங்கள் துணைநின்றன. பெயருக்குக் கிடைத்த காப்பு, அப்பெயருக்காக உழைத்தவரின் மூச்சுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை எனலாம்.

முடிவுரை

1871இல் நிறுவனம் வரையறுத்த பொறுப்புடைய கூட்டுப்பங்கு நிறுவனமாக மாறியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1971இல், நெடுநாள் போட்டியாளரான வாஸ்டன்ஹோம் நிறுவனத்தை வாங்கியது. பின்னர் ராஜர்ஸ் பெயரும் முத்திரையும் பிறர் உடைமையாயின. குடும்பத்தின் பிடி தளர்ந்த பின்னும் முத்திரை விலைபோயிற்று. ஆகவே, இந்நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் முத்திரையின் வழிவரலாற்றோடு, அலகில் பெயர் பதியாத கைவினைஞரின் வாழ்வையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.